ஒரு பஸ் நிறைய நண்டு

உலகத்திலேயே நண்டுகளைப் பஸ்ஸில் ஏற்றி, படிக்கட்டில் நிற்காமல் உள்ளே நகரச் சொல்லி, இறங்குமிடம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்ட கண்டக்டர் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கதை தடம் மாறிவிடும்.

நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் பாதியாக்கினால் உண்மைக்குப் பக்கத்து ஸ்டாப்பில் இறங்கலாம் என்று என் மனைவி புது ஆட்களிடம் சொல்லி வைப்பாள். அநியாயம். ஆனால் இந்தக் கதையில் கழிக்க எதுவும் இல்லை. என் ஆயுளில் முதல்முறையாக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை. அதனால்தான் யாரும் நம்பவில்லை.

எல்லாம் வானவில்லில் ஆரம்பித்தது. என் பேத்தியை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் டீச்சர், வானவில் எப்படி உண்டாகிறது என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, “எங்க பஸ் தாத்தா போன பஸ் ரொம்ப வேகமாப் போச்சா, பெயிண்ட் எல்லாம் கழண்டு வானத்துல ஒட்டிக்கிச்சு” என்றிருக்கிறாள். அதோடு விட்டாளா? “மிச்சம் இருந்த பெயிண்ட்லதான் மயில் பண்ணாங்க” என்றும் சேர்த்திருக்கிறாள். அந்த மயில் நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளே கட்டியது. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் கூப்பிட்டனுப்பிய என் மகளுக்கும் கலங்கியதாம், காரணம்தான் வேறு.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்து, குடும்பத்தோடு தீவுக்குப் போகலாம் என்று கிளம்பிய அன்று, படகிலேயே மகள் தீர்ப்பை வாசித்துவிட்டாள்.

“அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. இந்தத் தீவை விட்டுக் கிளம்புறதுக்குள்ள நீங்க சொல்ற கதை ஒண்ணாவது நிஜமா நடந்துச்சுன்னு மாமா ஒத்துக்கணும். இல்லைன்னா இனிமே தூங்கும்போது கதை சொல்ற வேலை மாமாவுக்கு.”

மாமா என்று அவள் சொன்னது அவளுடைய மாமனாரை, அதாவது என் சம்பந்தியை. ஓய்வு பெற்ற எனக்கு மிச்சமிருந்த ஒரே டியூட்டி அந்த ராத்திரிக் கதைதான். அதற்கும் ஆள் மாற்றினால் நான் வீட்டில் குடை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டாண்டாக நிற்க வேண்டியதுதான்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று விசாரிக்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரையிலும் முழுக்கைச் சட்டை, பெல்ட், கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “தூறல்” என்பார். சம்பந்தியம்மா வரவில்லை, அந்த அம்மாளுக்குப் படகு என்று சொன்னாலே குமட்டும். வாயாடி என்னைப் பஸ் தாத்தா என்பாள், அவரைக் கண்ணாடித் தாத்தா என்பாள்.

தீவில் ஒரு ராத்திரி சம்பந்திக்குப் பரீட்சார்த்தமாகக் கதை சொல்லும் வாய்ப்புக் கொடுத்தார்கள். “ஒரு கிடங்கு இருந்துச்சு. தீப்பிடிச்சுது. நான் போய் விசாரிச்சேன். மின்கசிவு.” அவ்வளவுதான் கதை. வாயாடி ‘மின்’ என்னும்போதே தூங்கிவிட்டாள். மகளுக்கு அப்படியொரு திருப்தி. சம்பந்தி அன்றைக்குத் தூங்காமல், இருட்டில் அடுத்த கதையை முணுமுணுத்து ஒத்திகை பார்த்தது எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கேட்டது. மனிதர் அந்த வேலைக்கு ஆசைப்பட்டுவிட்டார்!

நானும் சும்மா இருக்கவில்லை. நீந்தும்போது ஒரு திமிங்கிலம் ஒதுங்கி வழிவிட்டது என்றேன். “அது பாறை” என்றார் சம்பந்தி. தென்னை மரம் ஒன்று என்னைப் பார்த்துக் குனிந்தது என்றேன். “நேத்தும் அது குனிஞ்சுதான் இருந்துச்சு.” கடைசி நாள் வந்தது. கையில் தேறிய கதை ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் காலையில் எல்லோரும் கடலும் கரையுமாகக் கிடந்தோம். என் மனைவி அன்றுதான் மிதக்கக் கற்றுக்கொண்டாள். மல்லாக்க மிதந்துகொண்டே வானத்தைப் பார்த்து, “ஏங்க, கேஸை அணைச்சோமா?” என்று கேட்டாள். மாப்பிள்ளை மணலில் கழுத்துவரை புதைந்து கிடந்தார். புதைத்த வாயாடி அவர் தலையில் சிப்பிகளை வைத்து அலங்கரித்துவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டாள். அவரைத் தோண்டி எடுத்ததிலேயே எங்களுக்கு ஒரு நல்ல பசி வந்துவிட்டது.

“சாப்பாட்டை அந்தப் பக்கத்துக் கரையில வச்சுக்கலாம். அங்க அலை பாறைக்குள்ள புகுந்து பீச்சி அடிக்குமாம்” என்றாள் மகள்.

தீவைச் சுற்றி ஒரே ரோடு. அதில் ஒரே பஸ். ஒரு பக்கம் காடும் சரிவும், இன்னொரு பக்கம் கடல். பஸ் முன்னால் போய்க்கொண்டே இருந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். பின்பக்கம் அகலக் கதவு. டிரம், மூட்டை உருட்டி ஏற்றுவதற்கு ஒரு பலகை. கண்டக்டர் கிடையாது. அதைப் பார்த்தபோதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது; தாலி இல்லாத கழுத்தைப் பார்ப்பதுபோல. டிரைவர் தலையில் பெரிய ஓலைத்தொப்பி போட்ட ஆள். எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது, அவருடையது எங்களுக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் தாராளமாகப் புழங்கியது.

அலை பீச்சியடிக்கிற இடத்தில் பஸ் நின்றது. மகள், மாப்பிள்ளை, வாயாடி, என் மனைவி எல்லோரும் குதித்து ஓடினார்கள். சம்பந்தி மட்டும் சாப்பாட்டுக் கூடையோடு மெதுவாக இறங்கினார். வெயில் சுள்ளென்று அடித்ததும், “தொப்பியை சீட்டுலயே வச்சுட்டேன்” என்று கூடையோடு திரும்ப ஏறினார். நான் பின்படியில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். ஒரு ஆள் ஏறுகிறார், உள்ளே போகிறார், படி காலி. அவ்வளவுதான். என் நாக்கு தானாக மடிந்தது. தீவே அதிர்கிற மாதிரி டபுள் விசில் அடித்து, பஸ் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், ரைட்!” என்றேன்.

விசிலுக்குப் பாஷை ஏது? பஸ் பறந்தது.

“சம்பந்தி! யாரு விசில் அடிச்சது?”

“நான்தான். பழக்க தோஷம்.”

“எல்லாரும் கீழ நிக்கிறாங்களே!”

“தெரியுது, சம்பந்தி. என்னையும் பார்த்துக்கிட்டுதான் நிக்கிறாங்க.”

என் மனைவி ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தாள். அது பஸ்ஸை நிறுத்துவதற்கா, என்னை நிறுத்துவதற்கா என்று தெரியவில்லை. நான் முன்னால் போய் டிரைவர் தோளைத் தட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இன்னும் வேகமாக ஓட்டினார். நல்ல கண்டக்டர் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

அப்போது என் போன் அடித்தது. மனைவி.

“எங்கங்க போறீங்க?”

“சுத்தி வந்துடுவோம்மா. தீவு உருண்டைதானே.”

“கூடை எங்க?”

“பஸ்ல, சம்பந்தி மடியில.”

“குழந்தை பசிக்குதுன்னு குதிக்கிறா. நீங்க வந்தாலும் வராட்டியும் கூடை வந்தாகணும்” என்று வைத்துவிட்டாள்.

ஒரு வளைவு திரும்பியதும் பஸ் கிறீச்சிட்டு நின்றது. முன்னால் ரோடே இல்லை. தார் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. காட்டுச் சரிவிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும் நண்டுகள். நூறா ஆயிரமா என்று கேட்காதீர்கள். வழக்கமான நாளாயிருந்தால் கோடி என்றிருப்பேன். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்குக் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் வருமே, அப்படி வந்தன. டிரைவர் பழகியவர் போல இன்ஜினை அணைத்தார், தொப்பியை முகத்தில் கவிழ்த்தார், குறட்டை விட்டார்.

“எப்பக் கிளம்புமாம்?” என்றார் சம்பந்தி.

“நண்டு முடிஞ்சதும்.”

“நண்டு எப்ப முடியும்?”

“கடைசி நண்டுகிட்டதான் கேக்கணும்.”

வாயாடி அங்கே பசியில் குதிக்கிறாள். ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று, உதிர்ந்து கிடந்த ஓலை ஒன்றை எடுப்பதற்காகப் பின்கதவைத் திறந்து பலகையைக் கீழே போட்டேன். அங்கேதான் எல்லாம் மாறியது. பலகை மண்ணைத் தொட்டதும் முதல் நண்டு அதன்மேல் கால் வைத்தது. உச்சி வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. பஸ்ஸுக்குள் குளுகுளுவென்று நிழல். அந்த நண்டு ஏறி வந்து, என் செருப்புக்கு முன்னால் நின்று, கண்ணிரண்டையும் தூக்கி என்னைப் பார்த்தது. ‘போகுமா?’ என்று கேட்கிற பார்வை. எத்தனை ஆயிரம் பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்னை!

“போகும், ஏறு!” என்றேன். வாய் தவறி வந்தது. சத்தியமாக.

பின்னால் ஒன்று, அதன் பின்னால் நாலு, அதன் பின்னால் ஒரு ஊர். பலகையில் இடித்துக்கொண்டு ஏறின. படியருகே கும்பலாகத் தேங்கி நின்றன. கண்டக்டர் இருக்கும்போது படியில் தேங்கலாமா? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

“படியில நிக்காதே! உள்ள போ, உள்ள போ! முன்னாடி எவ்ளோ இடம் காலியா இருக்கு! ஏய், அந்தப் பெரிய கொடுக்கு, அடுத்தவங்களுக்கு வழிவிடு!”

கையை நீட்டி எடுத்த ஓலையால் தரையில் தட்டத் தட்ட அவை முன்னால் நகர்ந்தன. சீட்டில் ஏறின, சீட்டுக்கு அடியில் போயின, ஜன்னல் கம்பியில் தொங்கின. ஒரு தாய் நண்டுக்கு இடம் கொடுக்கச் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன்.

“சம்பந்தி! என்ன பண்றீங்க? நிறுத்துங்க!” சம்பந்தி சீட்டின்மேல் ஏறி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏறின பாசஞ்சரை எப்படி இறக்கி விடுறது?”

“என் காலைத் தொடுது!”

“மரியாதைக்காகத் தொடுது, சம்பந்தி. வயசானவர்னு.”

ஒன்று அவர் பேண்ட்டைப் பிடித்து ஏறியது. பெல்ட்டில் ஓய்வெடுத்தது. சட்டைப் பொத்தான்களை ஏணியாக்கி மேலே வந்து, மூக்குக் கண்ணாடியின் நடுப்பாலத்தில் கால் ஊன்றி, அவரையே உற்றுப் பார்த்தது. சம்பந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அம்மாஆஆ!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், என் விசில் அதற்கு முன்னால் கொசு. டிரைவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

அவர் கண்ணில் பட்டது இதுதான்: பஸ் நிறைந்திருக்கிறது, கண்டக்டர் படியில் நிற்கிறான். நான் பலகையை இழுத்து, பஸ் முதுகில் பட் பட் என்று இரண்டு அறை அறைந்தேன். அந்த அதிர்வில் ரோட்டில் மிச்சமிருந்தவை வெடித்த பட்டாசுச் சரம்போல இரண்டு பக்கமும் சிதறின. நடுவில் வழி. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரல். சிரிப்பு. கியர்.

கொஞ்ச தூரத்தில் ரோடு தாழ்ந்து மணலைத் தொடுகிற இடம். “ஓல்டான்!” என்றேன். நின்றது. பலகையைப் போட்டேன். “இறங்கு, இறங்கு, கடற்கரை எல்லாம் இறங்கு!” வந்தது வந்தபடி, தள்ளாமல் முள்ளாமல், மணலில் இறங்கி நேரே தண்ணீருக்குள் போய்விட்டன. என் சர்வீஸில் மனிதர்கள் ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை. ஜன்னல் கம்பியில் தூங்கிப்போன ஒன்றை மட்டும் எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கண்ணாடியில் உட்கார்ந்திருந்ததை நானே மெதுவாகத் தூக்கி இறக்கிவிட்டேன். டிரைவர் ஒரு விளக்குமாற்றை எடுத்து உள்ளே பெருக்கித் தள்ளினார். ஒரு கால் நகம்கூட மிச்சமில்லை.

சம்பந்தி கண்ணைத் திறந்தார். வேர்த்துக் கொட்டியது.

“சம்பந்தி...”

“சொல்லுங்க.”

“நான் கத்தினேனே, அதை மட்டும்... பசங்க முன்னாடி...”

“எனக்கு எதுவுமே காதுல விழலை, சம்பந்தி. இது என் வாக்கு.”

சுற்றி வந்து சேர்ந்தோம். மனைவி செருப்பைக் காலில் போட்டிருந்தாள். கூடையைக் கண்டதும் கோபமும் போட்ட இடத்திலேயே கிடந்தது. முட்டையும் ரொட்டியும் பழமும் நிமிஷத்தில் தீர்ந்தன. நண்டுப் பேச்சை நான் எடுக்கவில்லை. நல்ல சரக்கைச் சந்தைக்கு நேரம் பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

சூரியன் கடலில் இறங்குகிற நேரம், விடுதி வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கொடியில் ஈரத்துணி, அறையில் பாதி கட்டிய பெட்டிகள். காலையில் படகு. வாயாடி என் மடியில் ஏறினாள். நான் ஆரம்பித்தேன், நடந்ததை நடந்தபடி, ஒரு இறகைக்கூட ஒட்டாமல். சம்பந்தியின் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

முடித்ததும் என் மனைவி சிரித்த சிரிப்பில் நாற்காலியே பின்னால் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, இதுவரைக்கும் விட்டதுலயே இதுதான் டாப்பு” என்றார். என் மகள் சிரிக்கவில்லை.

“கடைசி நாள்லயாவது ஒரு உண்மை சொல்வீங்கன்னு நெனச்சேன்பா” என்றாள். பிறகு சம்பந்தியிடம் திரும்பினாள். “மாமா, நீங்க கூடத்தானே இருந்தீங்க? சொல்லுங்க.”

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தார்கள். வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். பார்க்காததை எப்படி உறுதி பண்றது?” என்றார்.

அது பொய்யில்லை. விசாரணைக்காரர் பொய் சொல்ல மாட்டார். உண்மையைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார். அவர் காது நுனி சிவந்திருந்தது.

“அப்ப முடிஞ்சுது. இனிமே ராத்திரிக் கதை மாமாவோடது” என்றாள் மகள்.

“கிடங்குக் கதையா?” என்றது மடியில் இருந்த குரல். சன்னமாக, அழுகைக்கு அடுத்த வீட்டிலிருந்து.

ஒரே வார்த்தையில் அவரை மடக்கியிருக்கலாம். ‘அப்ப அம்மான்னு கத்தினது யாரு?’ அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில் டபுள் விசில் போல மடிந்து நின்றது. வாக்குக் கொடுத்துவிட்டேனே. விழுங்கினேன். விழுங்கியபோதுதான் இன்னொரு யோசனை வந்தது. அது கள்ள யோசனையா நல்ல யோசனையா என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“சரிம்மா, ஒத்துக்கறேன்” என்றேன். “கொஞ்சம் அதிகமாச் சொல்லிட்டேன். பஸ் நிறைய எல்லாம் இல்லை. ஒரு பத்து நண்டு இருக்கும்.”

சம்பந்தி நாற்காலியில் நெளிந்தார்.

“பத்தும் இல்லை. ரெண்டு.”

சம்பந்தி இருமினார்.

“உண்மையைச் சொல்லணும்னா ஒண்ணே ஒண்ணு. அதுவும் பஸ்ல ஏறலை. ரோட்டோரம் சும்மா நின்னுச்சு.”

“நிஜமாவா பஸ் தாத்தா?” என்றாள் வாயாடி. அவள் முகம் சுருங்கியது.

“ஆமாம் கண்ணு. செத்துப்போன நண்டு. சம்பந்தி அதைப் பார்த்து அசையக்கூட இல்லை. சிங்கம் மாதிரி உக்காந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டிருந்தார்.”

“வாழைப்பழமா?” சம்பந்தி எழுந்தே விட்டார். “சம்பந்தி, அபாண்டமாப் பேசாதீங்க! எந்த வாழைப்பழம்?”

“சரி, வாழைப்பழம் இல்லை. ரொட்டி.”

“கூடையைத் திறக்கவே இல்லை! செத்த நண்டா? என் சர்வீஸ்ல இருக்கறதை இல்லைன்னு சொன்ன ஆளையும் விட்டதில்லை, இல்லாததை இருக்குன்னு சொன்ன ஆளையும் விட்டதில்லை. கூட்டிச் சொன்னா பொய், குறைச்சுச் சொன்னா மட்டும் என்னவாம்? நான் கண்ணை மூடினது கடைசியில! அதுக்குள்ள பஸ் நிறைஞ்சாச்சு. முன் சீட்டு, பின் சீட்டு, ஜன்னல், டிரைவர் காலடி, ஒரு இடம் பாக்கியில்லை. இவர் ஓலையை வச்சுக்கிட்டு உள்ள போ, உள்ள போன்னு கத்தறார், அதுங்களும் போகுதுங்க!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமா, நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்!” கடல் பக்கம் திரும்பி, பிறகு வாயாடியைப் பார்த்து, கோர்ட்டில் நிற்பதுபோல நிமிர்ந்தார். “எழுதி வேணும்னாலும் தரேன். ஒண்ணு என் மேல ஏறி, இதோ, இந்த மூக்குக் கண்ணாடி மேல நின்னு என்னை முறைச்சுது. நான் அம்மான்னு கத்தினேன். சாதாரணமா இல்லை, டிரைவர் முழிச்சுக்கிற மாதிரி கத்தினேன். நடந்துச்சும்மா. எல்லாமே நடந்துச்சு.”